பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி: அறைக்குப் போவதா, வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மின்னணுவியல் படிக்கும் மாணவி ஒருவர் அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்களைக் கேட்கின்றன. ஆசிரியரிடம் கடிதத்தை வாங்கி, உறையில் இட்டு, முத்திரை வைத்து அனுப்பும் பழைய வழக்கம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. விண்ணப்பத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பல்கலைக்கழகமே அவருக்கு ஒரு சுட்டியை அனுப்புகிறது, ஆசிரியர் அதைத் திறந்து, சில கேள்விகளுக்கு விடையளித்து, கடிதத்தைப் பதிவேற்றுகிறார். இறுதி நாள் பல இடங்களில் டிசம்பரில் வருகிறது. நம் கல்லூரிகளில் அது பருவத்தேர்வும் விடைத்தாள் திருத்தமும் நடக்கும் காலம். இந்த நெருக்கடியில் அந்த மாணவி தன் ஆசிரியரை எந்த வழியில் அணுக வேண்டும்?

ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கேட்கலாம், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், மின்னஞ்சல் எழுதலாம், கிளாஸ் அட்வைசர் வழியாகச் சொல்லியும் அனுப்பலாம். மின்னஞ்சல்தான் என்று முடிவு செய்த பிறகும், தமிழிலா ஆங்கிலத்திலா, முழு விண்ணப்ப வடிவிலா சுருக்கமான கடிதமாகவா, தானே எழுதுவதா சாட்ஜிபிடி போன்ற செயலியிடம் எழுதச் சொல்வதா என்று தேர்வுகள் தொடர்கின்றன. மாணவர்கள் இவை அனைத்தையும் 'எதில் மரியாதை அதிகம்' என்ற ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள். ஆசிரியப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் வேறோர் அளவுகோலை முன்வைப்பேன்: படித்து முடித்த பிறகு ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை என்ன, அந்த வேலையை இந்த வழி எளிதாக்குகிறதா, கடினமாக்குகிறதா? அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகும் ஒரு கடிதம், எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க ஆசிரியரை வருகைப் பதிவேட்டைப் புரட்ட வைக்குமானால், அதைப் பணிவான கடிதம் என்று என்னால் சொல்ல இயலாது.

எந்த வழி, எதற்கு

நேரில் போய்க் கேட்பதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பரிந்துரைக் கடிதம் என்பது ஆசிரியர் தம் பெயரை அடகு வைத்துத் தரும் சான்று. அதைத் தர விருப்பமா என்பதை அவர் முகத்திலிருந்தும் தயக்கத்திலிருந்தும் அறிந்துகொள்ளலாம். 'பார்க்கலாம்மா' என்று இழுத்துச் சொல்வதற்கும் 'தாராளமா எழுதித் தரேன்' என்று உடனே சொல்வதற்கும் உள்ள வேறுபாடு எந்த எழுத்திலும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அரைமனதோடு எழுதப்பட்ட கடிதம் விண்ணப்பத்துக்குக் கெடுதல் செய்யும் என்பதால், இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிவது மாணவிக்குத்தான் நன்மை. ஆனால் நேரில் சொன்னவை நிற்பதில்லை. இரண்டு வகுப்புகளுக்கு இடையில், கையில் வருகைப் பதிவேட்டோடு நடந்துகொண்டிருக்கும் ஆசிரியரிடம் நான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் நான்கு இறுதி நாள்களையும் சொல்லிவிட்டு, அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாட்ஸ்அப்பின் வலிமை வேகம்; அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியரின் கைபேசியில் உங்கள் செய்தி, அவருடைய வீட்டுக் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, துறைக் குழு, பள்ளித் தோழர்களின் காலை வணக்கப் படங்கள் ஆகியவற்றுக்கு நடுவே வந்து விழுகிறது. மாலைக்குள் அது பத்துத் திரைகளுக்குக் கீழே போய்விடும். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பதை நீல நிறக் குறி காட்டிக்கொடுப்பதால், பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும் அனுப்பியவருக்கு வருத்தமாகவும் பெற்றவருக்குச் சங்கடமாகவும் மாறுகிறது. மேலும், பரிந்துரைக் கடிதத்தை எழுதிப் பதிவேற்றும் வேலை கணினியில் நடப்பது. கைபேசிக்கு வந்த மதிப்பெண் பட்டியலையும் தற்குறிப்பையும் கணினிக்கு மாற்றுவது ஆசிரியருக்குக் கூடுதல் சுமை. குரல்பதிவு அனுப்பும் பழக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் துறைக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவரால் அதைக் கேட்கவே முடியாது. இத்தனையையும் சொன்ன பிறகும், 'ஐயா, நாளை மதிய இடைவேளையில் உங்களைச் சந்திக்க வரலாமா?' என்று கேட்பதற்கும், 'விவரங்களை உங்கள் கல்லூரி முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்' என்று தெரிவிப்பதற்கும் வாட்ஸ்அப்பைவிட வசதியான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் அந்த எண்ணை ஆசிரியரே மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால்.

மின்னஞ்சல் தேடக் கிடைக்கிறது, நாளோடும் நேரத்தோடும் நிற்கிறது, இணைப்புகளைச் சுமக்கிறது, துறைத் தலைவருக்கோ அலுவலகத்துக்கோ அப்படியே மேலனுப்ப வசதியாக இருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஆசிரியர் கடிதம் எழுத உட்காரும்போது, மாணவியின் பெயரை அஞ்சல் பெட்டியில் தட்டினால் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். எனவே பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கலப்பானது: சம்மதத்தை நேரில் கேளுங்கள், விவரங்களை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள், அனுப்பியதை மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லுங்கள். கிளாஸ் அட்வைசர் வழியாகவோ, அதைவிடக் கூடுதலாக அப்பாவைப் பேச வைத்தோ கேட்பது இந்த வேலைக்குப் பொருந்தாது. தன் மேற்படிப்புக்குத் தானே கேட்க முன்வராதவரைப் பற்றி 'சுயமாக இயங்கக்கூடியவர்' என்று ஆசிரியர் எப்படி எழுதுவார்?

வேறு காரியங்களுக்கு வேறு விடை வரும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பருவத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். உடல்நலக் காரணத்தாலோ விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்றதாலோ 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்தவர்களுக்கு, கல்லூரித் தலைவரின் மேலொப்பம் பெற்ற சான்றிதழின் பேரில் சலுகை உண்டு. இங்கே ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் போவது. ஆகவே எவ்வளவு அழகான மின்னஞ்சலும் பயன் தராது, அசல் மருத்துவச் சான்றோடு நேரில்தான் நிற்க வேண்டும். செய்முறைப் பயிற்சியிலோ ஒப்படைப்பிலோ ஐயம் என்றால், கூகுள் கிளாஸ்ரூமில் அந்த ஒப்படைப்பின் கீழேயே தனிக் கருத்தாக எழுதுவது மேல், ஏனென்றால் ஆசிரியர் உங்கள் விடையைத் திறந்து வைத்திருக்கும் அதே திரையில் உங்கள் கேள்வியும் இருக்கும்.

அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றிய முறையீடு இதற்கு நேர்மாறானது. அதே 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அகமதிப்பீடு 40, பருவத்தேர்வு 60 என்று பிரிக்கப்பட்டிருப்பதால், இன்டர்னலில் விடுபட்ட சில மதிப்பெண்கள் முன்னைவிடப் பெரிய விளைவை உண்டாக்குகின்றன. முதலில் நேரில் கேட்பதுதான் முறை. பெரும்பாலும் அது கூட்டல் பிழையாகவோ பதிவேற்றப் பிழையாகவோ இருந்து அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மின்னஞ்சல் கட்டாயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் கல்லூரி அளவில் குறைதீர்ப்புக் குழுவையும் அதற்கு மேல் குறைகேள் அதிகாரியையும் வைத்திருக்கின்றன. அங்கே போகும் நிலை வந்தால், எந்த நாளில், யாரிடம், என்ன கேட்டீர்கள் என்பதற்கு நாளிட்ட ஒரு கடிதம் இருப்பது வாய்மொழியைவிட எவ்வளவோ பலமானது. அந்தக் கடிதத்தில் 'தவறாகப் போட்டுவிட்டீர்கள்' என்பதைவிட 'இரண்டாம் மதிப்பீட்டுத் தேர்வில் என் விடைத்தாளில் உள்ள மதிப்பெண்ணும் தளத்தில் உள்ள மதிப்பெண்ணும் வேறுபடுகின்றன. விடைத்தாளின் முதல் பக்கப் படத்தை இணைத்துள்ளேன்' என்று எழுதுவது ஆசிரியரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளாமல் சரிபார்க்கும் வேலைக்கு அழைத்துச் செல்கிறது.

எந்த முகவரியிலிருந்து, எந்த மொழியில்

சொந்த ஜிமெயில் முகவரிக்கும் கல்லூரி தந்த முகவரிக்கும் இடையில் தேர்வு இருந்தால் கல்லூரி முகவரியே சிறந்தது. அனுப்புநர் பெயரிலேயே நீங்கள் யார் என்பது தெரிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் அபிமான நடிகரின் பட்டப்பெயரைச் சேர்த்து உருவாக்கிய முகவரியிலிருந்து மேற்படிப்புக்குப் பரிந்துரை கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பட்டம் முடிந்ததும் கல்லூரி முகவரி முடக்கப்படும் கல்லூரிகளும் உண்டு. இறுதியாண்டில் இருப்பவர் தன் பெயரால் அமைந்த சொந்த முகவரியை நகல் (சிசி) வரியில் சேர்த்துவிடுவது நல்லது. ஆசிரியரின் பக்கத்தில் இந்தத் தேர்வுக்கு இன்னும் அதிக எடை இருக்கிறது. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பரிந்துரையாளரின் நிறுவன முகவரியை எதிர்பார்க்கின்றன. பொது அஞ்சல் முகவரியைக் கொடுத்தால் கடிதம் உண்மையில் ஆசிரியரிடமிருந்து வந்ததா என்ற ஐயம் எழும். ஆகவே எந்த முகவரிக்குச் சுட்டி வரலாம் என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்ய வேண்டும், கேட்காமல் ஒருபோதும் செய்யக் கூடாது.

மொழியைப் பற்றிய தயக்கம் தேவைக்கு அதிகமானது என்பது என் கருத்து. பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதுவது நடைமுறைக்கு உகந்தது, ஏனென்றால் ஆசிரியர் உங்கள் கடிதத்திலிருந்து சில தொடர்களை எடுத்து ஆங்கிலத்தில்தான் பரிந்துரை எழுதப் போகிறார், பாடப் பெயர்களும் திட்டத் தலைப்புகளும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. தமிழ்த் துறையிலோ, தமிழ்வழியில் பயிற்றுவிக்கும் கலைக் கல்லூரியிலோ தமிழில் எழுதுவது முற்றிலும் முறையானது. அங்கே தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிந்த தமிழ் மதிப்பைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவில், தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நண்பர்களுக்கிடையில் அது இயல்பு. மேலனுப்பப்படக்கூடிய கடிதத்தில் அது படிப்பவரின் கண்ணைச் சோதிக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் இங்கும் இலங்கையிலும் இன்னும் போகவில்லை. அப்படித் தட்டியதை அஞ்சலில் ஒட்டினால் ஆசிரியருக்குப் பொருளற்ற குறிகளே தெரியும்.

விண்ணப்ப வடிவமா, கடித வடிவமா

பள்ளியில் நாம் கற்றுக்கொண்ட விடுப்பு விண்ணப்பத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, உடல், 'இப்படிக்கு', இடம், நாள் என்று ஒரு சட்டகம் உண்டு. தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் சேர வேண்டிய கடிதத்துக்கு அது இன்றும் சரி. போனஃபைட் சான்றிதழுக்கோ கட்டணச் சலுகைக்கோ முதல்வருக்கு எழுதும்போது அந்தச் சட்டகத்தை விட்டு விலகக் கூடாது. மின்னஞ்சலில் அனுப்புநர், பெறுநர், நாள், நேரம் ஆகிய நான்கையும் அஞ்சல் பெட்டியே காட்டிவிடுவதால், அவற்றை உள்ளே மீண்டும் எழுதினால் கைபேசித் திரையின் முதல் பக்கம் முழுவதும் முகவரிகளிலேயே போய்விடும். ஆசிரியர் விரலால் தள்ளிக்கொண்டே போனால்தான் காரியம் என்னவென்று தெரியும். சட்டகத்தில் மிஞ்ச வேண்டியது பொருள் வரியும் விளியும் கையொப்பமும்தான்.

ஒரே வேண்டுகோள் இரு வடிவங்களில் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். வசதிக்காகத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் அடுக்கு இதுவே. முதல் வடிவம்:

பொருள்: வேண்டுகோள்

'பெருமதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, நான் தங்களிடம் படித்த மாணவி. தாங்கள் எனக்கு வழிகாட்டியாகவும் தெய்வமாகவும் விளங்குகிறீர்கள். நான் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க விரும்புகிறேன். எனவே தாங்கள் கருணை கூர்ந்து எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தந்து உதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தொல்லைக்கு மன்னிக்கவும். மிகவும் அவசரம்.'

இரண்டாம் வடிவம்:

பொருள்: பரிந்துரைக் கடிதம், முதல் இறுதி நாள் டிசம்பர் 1 (பெயர், பதிவு எண்)

'மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மின்னணுவியல் இறுதியாண்டு, பி பிரிவு மாணவி. நான்காம் பருவத்தில் தங்களிடம் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் படித்தேன்; ஆய்வகத்தில் இசிஜி பதிவிலிருந்து மின்வழி இரைச்சலை நீக்கும் சிறு திட்டத்தைத் தங்கள் மேற்பார்வையில் செய்தேன். இன்று காலை நேரில் கேட்டபோது விவரங்களை அனுப்பச் சொன்னீர்கள்.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் இறுதி நாள் டிசம்பர் 1. மற்ற மூன்றுக்கும் டிசம்பர் 15. பல்கலைக்கழகங்களின் சுட்டிகள் இதே கல்லூரி முகவரிக்கு வரும்படி பதிவு செய்யலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

பல்கலைக்கழகங்களின் பட்டியல், மதிப்பெண் பட்டியல், தற்குறிப்பு, திட்ட அறிக்கை ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்துள்ளேன். இந்தப் பருவத்தில் தங்களுக்கு நேரமின்மை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

நன்றியுடன்,
(பெயர், பதிவு எண், கைபேசி எண்)'

முதல் கடிதத்தில் பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் ஆசிரியருக்கு ஐந்து கேள்விகள் மிஞ்சுகின்றன. யார், எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாளுக்குள், எதை வைத்து எழுதுவது? அவற்றைக் கேட்டு அவர் ஒரு பதில் எழுத வேண்டும், அதற்கு மாணவி ஒரு பதில் எழுத வேண்டும், அதற்குள் நான்கு நாள் போயிருக்கும். 'மிகவும் அவசரம்' என்ற சொற்கள் மாணவியின் தாமதத்தை ஆசிரியரின் தலையில் இறக்கிவைக்கின்றன; நாளைக் குறிப்பிட்டால் அவசரம் தானாகவே விளங்கும். இரண்டாம் கடிதத்தின் மிக நுட்பமான இடம் இசிஜி திட்டத்தைப் பற்றிய அந்த வாக்கியம். ஒரு வகுப்பில் அறுபது பேர், ஓர் ஆண்டில் பல வகுப்புகள் என்று பார்க்கும் ஆசிரியருக்கு முகம் நினைவிருக்கலாம், செய்த வேலை நினைவிருக்காது. அந்த ஒரு வாக்கியம் அவருக்குக் கடிதத்தின் மையப் பத்தியையே எடுத்துக் கொடுக்கிறது. கடைசியில் மறுப்பதற்கு வழி விட்டிருப்பதும் வெறும் சம்பிரதாயம் அன்று. நம் ஊரில் 'முடியாது' என்று மாணவரிடம் சொல்ல ஆசிரியர்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தால் ஒத்துக்கொண்டு, பின்னர் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள்.

இணைப்பாக அனுப்புவதா, டிரைவ் சுட்டியாகக் கொடுப்பதா என்பது சிறு விஷயம்தான், ஆனாலும் நிறைய இடங்களில் காரியம் கெடுவது இங்கேதான். ஜிமெயிலில் இணைப்புகளுக்கு 25 எம்பி வரை இடமிருக்கிறது. ஒரு மாணவியின் ஆவணங்கள் அதைத் தாண்டுவது அரிது. டிரைவ் சுட்டி கொடுத்துவிட்டுப் பார்வை அனுமதியைத் திறக்க மறந்தால், இரவு பத்து மணிக்கு எழுத உட்காரும் ஆசிரியர் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிவரும். நான் இணைப்பின் பக்கமே நிற்பேன், கோப்பின் பெயரில் மாணவியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்குமானால்.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வுப் பயிற்சி கேட்டு எழுதுவதானால் விளி மட்டும் மாற வேண்டும். இங்கே 'சார்', 'மேடம்' என்பதே இயல்பான மரியாதை. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ உள்ளவருக்கு 'டியர் புரொஃபசர்' என்று எழுதிக் குடும்பப் பெயரைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும் கடிதம் ஒரு பெண் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தால், எழுதியவர் அவருடைய பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பது முதல் வரியிலேயே வெளிப்பட்டுவிடும்.

செயலி எழுதிய கடிதமும் மாணவர் எழுதும் பரிந்துரையும்

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்த பிறகு, மாணவர்களின் மின்னஞ்சல்களில் இலக்கணப் பிழைகள் குறைந்திருக்கின்றன. கடிதங்கள் ஒன்றைப்போல ஒன்றாகவும் ஆகியிருக்கின்றன. நலம் விசாரிக்கும் ஒரே தொடக்கம், 'தங்கள் விலைமதிப்பற்ற வழிகாட்டுதல்' பற்றிய ஒரே நடுப்பகுதி, ஒரே முடிவு. மூன்று மாணவர்கள் ஒரே வாரத்தில் அப்படி எழுதும்போது, ஆசிரியர் மூன்றையும் கண்ணால் தாண்டிப் போய்க் காரியத்தைத் தேடுகிறார். ஆங்கிலத்தில் நம்பிக்கையில்லாத மாணவர் செயலியைத் தொடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் யார், என்ன, எப்போது என்பவற்றைத் தாமே எழுதிவிட்டு, பிழை திருத்த மட்டும் அதனிடம் கொடுப்பது நியாயமான பயன்பாடு. தலைகீழாகச் செய்தால், அதாவது 'ஆசிரியருக்குப் பரிந்துரை கேட்டு மின்னஞ்சல் எழுது' என்று சொல்லிவிட்டு வருவதை ஒட்டினால், இசிஜி திட்டம் பற்றிய வாக்கியம் அதில் வராது, ஏனென்றால் அது மாணவிக்கு மட்டும் தெரிந்தது. பெயர் போட வேண்டிய இடத்தில் கட்டக்குறி அப்படியே இருக்க அனுப்பப்பட்ட கடிதங்களைப் பற்றி ஆசிரியர் அறைகளில் சிரிப்பு உண்டு.

இதைவிடக் கடினமான ஒரு தேர்வு, ஆசிரியர் 'நீயே எழுதிக்கொண்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்' என்று சொல்லும்போது வருகிறது. இது நம் கல்லூரிகளில் பரவலான வழக்கம். வேலைப்பளுவே காரணம், அலட்சியம் எப்போதும் காரணமில்லை. அப்படியே எழுதிக் கொடுப்பது எளிது, ஆனால் ஆபத்து நிறைந்தது. மூன்று ஆசிரியர்களும் அதையே சொன்னால் மூன்று கடிதங்களும் ஒரே கையால், ஒரே நடையில் அமைந்துவிடும். அவற்றைப் படிக்கும் சேர்க்கைக் குழுவுக்கு அது தெரியாமல் போகாது. தவிரவும், அமெரிக்க விண்ணப்பங்களில், 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டம் தரும், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் ஆம் என்றே குறிக்கிறார்கள், ஏனென்றால் மாணவர் பார்க்காத கடிதத்துக்கே மதிப்பு அதிகம். தானே எழுதிய கடிதத்துக்கு அப்படிக் குறிப்பது பொய் சொல்வதற்கு ஒப்பானது.

அதற்காக ஆசிரியரிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசவும் முடியாது. இங்கேதான் மின்னஞ்சல் மாணவிக்குத் துணை நிற்கிறது. 'தாங்கள் சொன்னபடி, எழுதுவதற்கு உதவியாக ஒரு பக்கக் குறிப்பை இணைத்துள்ளேன்' என்று எழுதி, முழுக் கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்புகளை அனுப்பலாம்: எந்தப் பாடம், என்ன மதிப்பெண், திட்டத்தில் தான் செய்த பகுதி எது, எங்கே தடுமாறி எப்படிச் சரிசெய்தது, அடுத்து எந்தத் துறையில் படிக்க விருப்பம். இவற்றைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் தம் சொற்களில் அரை மணி நேரத்தில் எழுதிவிட முடியும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவர் பார்த்த வேலையைப் பற்றிய குறிப்பு மட்டுமே போவதால் மூன்று கடிதங்களும் மூன்று கோணத்தில் அமையும். குறிப்புகளைப் பெற்ற பிறகும் 'முழுசா எழுதிக் கொடு' என்றே சொல்பவர் சிலர் இருப்பார்கள். அத்தகையவரைவிட, மதிப்பெண் சற்றுக் குறைவாகப் போட்டிருந்தாலும் தம் கையால் எழுத முன்வரும் வேறோர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடிதத்தில் துறைத் தலைவரின் பதவி பெரிதா, உங்களை அறிந்தவரின் நான்கு உண்மையான வாக்கியங்கள் பெரிதா என்றால், நான் பின்னதையே தேர்வேன்.

எப்போது அனுப்புவது, எப்படி நினைவூட்டுவது

முதல் இறுதி நாளுக்கு ஐந்தாறு வாரம் முன்பு கேட்பது நல்லது. டிசம்பர் 1 என்றால் அக்டோபர் மூன்றாம் வாரம். நேரம் இரவு பதினொன்றா காலை ஒன்பதா என்பதில் மின்னஞ்சலுக்கு வாட்ஸ்அப் அளவு சங்கடம் இல்லை, இருந்தாலும் ஜிமெயிலில் அனுப்பும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருக்கும்போது காலையில் போய்ச் சேரும்படி செய்வதில் நட்டமில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியை அமைப்புகளில் 30 வினாடிக்கு நீட்டி வைத்துக்கொண்டால், இணைப்பை மறந்துவிட்டோம் என்பது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்துக்குள் நினைவுக்கு வந்துவிடும்.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்து, அதே அஞ்சலுக்கே பதிலாக நினைவூட்டல் எழுத வேண்டும். புதிய அஞ்சலாக, புதிய பொருள் வரியோடு எழுதினால் முன்பு இணைத்தவை எங்கோ தனியே கிடக்கும், ஆசிரியர் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டிவரும். 'முன் அஞ்சல் தங்கள் பார்வைக்கு வராமல் போயிருக்கலாம். முதல் இறுதி நாள் டிசம்பர் 1 என்பதை நினைவூட்ட எழுதுகிறேன்' என்ற இரண்டே வரி போதும். துறைத் தலைவரை நகல் வரியில் சேர்த்து நினைவூட்டுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. மதிப்பெண் முறையீட்டில் அதற்கு இடமுண்டு. தயவாகக் கேட்கும் கடிதத்தில் அது புகார் ஆகிவிடும், அப்படி வாங்கும் கடிதம் குளிர்ந்துதான் இருக்கும்.

இரண்டாம் நினைவூட்டலை அஞ்சலில் எழுதுவதைவிட நேரில் போவது மேல். நவம்பர் நடுப்பகுதி வரை உறுதியான விடை கிடைக்கவில்லை என்றால், மௌனத்தையே மறுப்பாக எடுத்துக்கொண்டு இன்னோர் ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். பல விண்ணப்பத் தளங்களில் கடிதம் பதிவேறாத வரை பரிந்துரையாளரின் பெயரை மாற்ற வசதி இருக்கிறது. மாற்றியதும் முதல் ஆசிரியருக்கும் ஓர் அஞ்சல் போக வேண்டும்: 'ஐயா, தங்கள் பணிச்சுமையைக் கருதி இந்த விண்ணப்பங்களுக்கு வேறோர் ஆசிரியரிடம் கடிதம் பெற்றுக்கொண்டேன். தங்கள் முகவரிக்கு வந்த சுட்டிகளைப் பொருட்படுத்த வேண்டாம்.' இல்லாவிட்டால் திருத்தமெல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் அந்தச் சுட்டியைத் திறந்து, யாருக்கும் தேவைப்படாத ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார்.